நகராத அம்பின் சம்மதம்

அன்றைய கூட்டத்தில் பலகையில் இருந்தவர்கள் என்று கம்பெனி சொல்வது இவர்களை: கூட்டுப்பணித் தலைவர், சுலபத் துறைத் தலைவி, நிறங்களுக்குப் பொறுப்பான இளைஞர், எதற்குப் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாவிட்டாலும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்துவிடுகிற மூத்த ஆலோசகர், என் தம்பியின் பக்கத்து மேஜைக்காரப் பெண், என் தம்பி. இவர்களில் என் தம்பி அப்போது இறந்துபோயிருந்தான். மற்றவர்கள் இருந்தார்கள் என்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

எங்கள் வீட்டில் சம்மதம் என்றால் வாயைத் திறந்து சொல்வது வழக்கம். எனக்குப் பெண் பார்த்த அன்று, பிடித்திருக்கிறதா என்று அப்பா கேட்டார். நான் தலையை அசைத்தேன். "வாய் எதுக்கு இருக்கு? சொல்லு" என்றார், பெண் வீட்டார் முன்னாலேயே. சொன்னேன். அந்த வீட்டில் வளர்ந்தவன் என் தம்பி. அவன் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டான் என்றால் அதை யாராவது காதால் கேட்டிருக்க வேண்டும்.

கம்பெனி என்ன செய்கிறது என்பதை அவன் எனக்குப் பல தடவை விளக்கியிருக்கிறான். செல்போனில் டாக்சி கூப்பிடுகிறோம், மருந்து வாங்குகிறோம். நம் விரல் படுகிற அந்தத் திரைகளை முதலில் யாரோ உட்கார்ந்து வரைய வேண்டும். அப்படி வரைகிறவர்களுக்கு வேண்டிய கருவியைச் செய்கிற இடம் அது. முன்பெல்லாம் அந்தக் கருவியில் ஒருவர் வரைவார், முடித்ததும் மற்றவர்களுக்குக் காட்டுவார். இது தனிமையை வளர்க்கிறது என்று கம்பெனி கண்டுபிடித்தது. உடனே எல்லோரும் ஒரே பலகையில், ஒரே நேரத்தில் வரையலாம் என்று ஆக்கினார்கள். ஆளுக்கு ஒரு நிறத்தில் அம்பு. அம்பின் வாலில் பெயர். நீங்கள் மவுஸை நகர்த்தினால் உங்கள் அம்பு எல்லோர் திரையிலும் நகரும். நீங்கள் ஒரு வட்டம் போடத் தொடங்கினால் அது வட்டமாவதற்குள் நாலைந்து அம்புகள் வந்து சுற்றி நின்றுவிடும். ஒருவர் அதைச் சதுரமாக்குவார். இன்னொருவர் பக்கத்தில் ஒரு இதயத்தை ஒட்டிவிட்டுப் போவார். போட்டவர் எதற்காக வட்டம் போட்டார் என்று கேட்பவர் எவரும் இல்லை.

என் தம்பி அந்தக் கருவியில் ஒரு கதவு வைத்தான். பலகையின் மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு கதவுச் சின்னம். அதைத் தொட்டால் நீங்கள் வரைந்துகொண்டிருக்கிற இடம் மட்டும் மற்றவர்களுக்கு மறைந்துவிடும். வரைந்து, அழித்து, கோபப்பட்டு, மறுபடி வரைந்து, சரியாக வந்ததும் இன்னொரு முறை தொட்டால் திறக்கும். அவ்வளவுதான்.

"இதுக்கா இத்தனை மாசம் முழிச்சுக் கிடந்தே?" என்று கேட்டேன்.

"தப்பா வரையறதுக்கு ஒரு இடம் வேணும்ணா. முதல்ல வர்றது எப்பவும் அசிங்கமாத்தான் வரும். அதை நாலு பேர் பார்த்துட்டா அப்புறம் கையே ஓடாது."

எங்கோ முகம் தெரியாத ஒரு பெண், இந்தக் கதவு இருப்பதால்தான் தன்னால் வேலையில் நீடிக்க முடிகிறது என்று அவனுக்கு எழுதியிருந்தாளாம். அதைச் சொன்னபோது அவன் காது மடல் சிவந்தது. அவனை யாராவது புகழ்ந்தால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கதவு எல்லோருக்கும் பிடித்துப்போனது. அந்தக் கருவியிலேயே அதிகம் தொடப்பட்டது அதுதான் என்று தெரிய வந்ததும் கம்பெனி கலங்கிவிட்டது. கூட்டுப்பணித் தலைவர் ஊழியர்களைக் கூட்டி உரையாற்றினார். "இத்தனை பேர் கதவைச் சாத்தறாங்கன்னா, நாம ஒரு குடும்பமாத் தோத்துட்டோம்னு அர்த்தம்" என்றார். சுலபத் துறைத் தலைவி வேறு கோணத்தில் கவலைப்பட்டார். அவருடைய துறையின் கொள்கை, எதுவும் யாரும் சொல்லித் தராமலே புரிய வேண்டும் என்பது. "கதவுன்னா யோசிக்க வேண்டியிருக்கு. திறக்கணுமா, சாத்தணுமா? யோசிக்க வெச்சாலே அது சுலபமில்லை" என்றார்.

கதவை எடுத்துவிடலாமா என்று முடிவு செய்யக் கூட்டம் வைத்தார்கள். அங்கே கூட்டங்களில் யாரும் கை தூக்குவதில்லை. கை தூக்குவது பழைய முறையாம். மறுப்பவர்கள் தங்கள் அம்பை இடதும் வலதுமாக ஆட்ட வேண்டும். தலையை ஆட்டி வேண்டாம் என்பது போல, குழந்தைக்கும் புரியும் என்று சுலபத் துறை கண்டுபிடித்த முறை. ஆட்டாமல் சும்மா நிற்கிற அம்பு சம்மதிப்பதாகப் பொருள்.

அன்று அவனுக்குக் காலையிலிருந்தே தோள்பட்டையில் வலி. ஆபீசுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே கலந்துகொள்வதாகச் சொல்லியிருந்தான். தம்பி மனைவி பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் வேலை பார்ப்பவள். லீவு போடட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

"நீ போ. சுளுக்குதான். இன்னைக்கு அம்பை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டப் போறேன், தோள் தன்னால சரியாயிடும்" என்று சிரித்திருக்கிறான். அவன் அவளிடம் கடைசியாகச் சொன்னது அது.

சாயங்காலம் அவள் வந்து அறையைத் திறந்தபோது அவன் மேஜைமேல் தலை சாய்த்திருந்தான். வலது கை மவுஸ்மேல் இருந்தது. திரையில் அவனுடைய நீல அம்பு கதவுச் சின்னத்தின்மேல் நின்றது. அதைச் சுற்றிப் பல நிறக் காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. ஒரு முடிவு ஒருமனதாக நிறைவேறினால் கருவியே அப்படிக் கொட்டுமாம். கதவை எடுத்துவிட எல்லோரும் சம்மதித்திருந்தார்கள். அவள் அவன் கையை எடுத்து மடியில் வைத்தபோது அம்பு ஓரளவு நகர்ந்திருக்க வேண்டும். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு கம்பெனியின் அறிவிப்பு உலகுக்கு வெளியானது. புதுக் கருவியின் சிறப்புகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி ஒரு வாக்கியம்: 'கதவை உருவாக்கியவரின் முழுமனதான சம்மதத்துடன் கதவு நீக்கப்பட்டது.'

சொந்தக்காரர்கள் இதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். "உயிர் போற நேரத்துலகூட முரண்டு பிடிக்காம ஒத்துப்போயிருக்கார் பாருங்க, உங்களை மாதிரி இல்ல" என்றான் என் மச்சான். நான் அவனுக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன்.

பிறகு ஒரு அழைப்பு வந்தது. அந்த ஆண்டின் சிறந்த கூட்டுப்பணியாளர் விருது என் தம்பிக்கு. குடும்பத்தார் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். தம்பி மனைவி வரவில்லை என்றாள். "நீங்க போங்க மாமா. எனக்கு விருது வேணாம். அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க" என்றாள். நானும் அதற்காகத்தான் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தேன்.

அந்த ஆபீசில் சுவர் கிடையாது. யாருக்கும் தனி மேஜை கிடையாது. காலையில் யார் எங்கே உட்கார்கிறாரோ அது அன்றைக்கு அவர் இடம். ஒருவர் போனில் தன் வீட்டுத் தகராறைப் பேசினால் ஐம்பது பேர் மரியாதையாகத் தட்டச்சு செய்தபடியே கேட்கிறார்கள். கழிவறைக்கு மட்டும் கதவு இருந்தது. அதன் முன்னால் நீண்ட வரிசை. உள்ளே போனவர்கள் லேசில் வெளியே வருவதாகத் தெரியவில்லை.

வாசலில் இருந்த திரையில் மூன்று முகங்கள் தெரிந்தன: சிரிப்பது, ரொம்பச் சிரிப்பது, கைதட்டிச் சிரிப்பது. ஒன்றைத் தொட்டால்தான் உள்ளே விடுவார்கள். எனக்கு ஏற்ற முகம் இதில் இல்லையே என்றேன். "சும்மா சிரிக்கறதைத் தொடுங்க சார், அதுதான் சோகம்" என்றார் காவலாளி.

மேடையில் கூட்டுப்பணித் தலைவர் பேசினார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். குரல் கம்மி, கண் கலங்கித்தான் பேசினார். அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

"அவர் இருந்தப்போ எனக்கும் அவருக்கும் கொஞ்சம் உரசல் இருந்தது. ஒளிக்க விரும்பலை. எதைக் கேட்டாலும் அம்பை ஆட்டுவார். ஆனா போன பிறகு எங்களுக்குள்ள ஒரு நல்ல புரிதல் வந்துடுச்சு. அவர் அம்பு இன்னும் பலகையிலதான் இருக்கு. நாங்க வெளியேத்தலை. வெளியேத்த மனசு வரலை. இந்த நாலு மாசத்துல நாங்க எடுத்த எல்லா முடிவுக்கும் அவர் சம்மதிச்சிருக்கார். மேஜைகளை எடுத்தது, சாப்பாட்டு நேரத்தைக் குறைச்சது, எனக்குப் பதவி உயர்வு கொடுத்தது. எதுக்குமே அவர் அம்பு ஆடலை. இந்த முதிர்ச்சியை நாம எல்லாரும் கத்துக்கணும்."

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அம்பு ஏன் இன்னும் அங்கே நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். அவன் கணினியை யாரும் அணைக்கவில்லை. தம்பி மனைவி அந்த அறைக்குள் போவதில்லை. நானும் அணைக்கச் சொல்லவில்லை.

கண்ணாடியில் செய்த ஒரு கை, இன்னொரு கையைப் பிடித்திருப்பது போன்ற விருதைக் கொடுத்தார்கள். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஒரு வாக்கியத்தை எடுக்கணும்" என்றேன்.

கூட்டுப்பணித் தலைவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நிச்சயமா சார். உங்க வருத்தத்தைப் பலகையில எழுதுங்க. நாங்க எல்லாரும் கூடவே இருப்போம்."

"ஒரு தாள் கொடுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"தாள்ல நாங்க எப்படி சார் கலந்துக்கறது?"

ஒரு திரை முன்னால் உட்கார வைத்தார்கள். எனக்கும் ஒரு அம்பு கொடுத்தார்கள். மஞ்சள் நிறம், வாலில் 'விருந்தினர்'. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினேன்: 'என் தம்பி சம்மதிக்கவில்லை.' முற்றுப்புள்ளி வைப்பதற்குள் அம்புகள் சூழ்ந்துகொண்டன. ஒருவர் 'என்' என்பதை 'நம்' ஆக்கினார்.

"அவன் என் தம்பி" என்றேன்.

"எங்களுக்கும்தான் சார்" என்றார் நிறங்களுக்குப் பொறுப்பானவர், உண்மையான பாசத்துடன். பிறகு எழுத்துக்கு இளம் பச்சை பூசினார்.

சுலபத் துறைத் தலைவி யோசனையாகப் பார்த்தார். "'இல்லை'ன்னு முடிஞ்சா படிக்கறவங்களுக்கு ஒரு தடங்கல் சார். மனசு நின்னுடும்." கடைசிப் பாதியை அழித்தார். 'நம் தம்பி சம்மதிக்க' என்று அது அந்தரத்தில் நின்றது. நான் மறுபடி தட்டப் போனேன். என் விரல் ஒரு எழுத்தைத் தேடி எடுப்பதற்குள் மூத்த ஆலோசகர் அதை முடித்துவைத்தார். 'நம் தம்பி சம்மதிக்கத் தயங்காதவர்.' யாரோ இதயம் ஒட்டினார்கள்.

"நான் எழுதினது இது இல்லை."

"நீங்க தனியா எழுதினதைவிட நல்லா வந்திருக்கே சார்" என்றார் சுலபத் துறைத் தலைவி. அவர் கேலி செய்யவில்லை.

நான் தனியாக எழுத ஒரு இடம் வேண்டும் என்று கேட்டேன். கூட்டம் முழுக்க ஒரு கணம் சங்கடம். அப்படி ஒன்று முன்பு இருந்தது, இப்போது எடுத்துவிட்டோம் என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. கூட்டுப்பணித் தலைவர்தான் சமாளித்தார். இந்த வாக்கியத்தைப் பழைய வாக்கியத்துக்குப் பக்கத்தில் சேர்க்கலாமா, யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டார்.

நான் மவுஸைப் பிடித்து இடதும் வலதும் ஆட்டினேன். எனக்கு இந்த வயதில் கை கொஞ்சம் நடுங்கும். திரையில் என் அம்பு அசையாமல் நின்றது. மவுஸைத் தூக்கி மேஜையில் தேய்த்து ஆட்டினேன். அம்பு பசை போட்டது போல நின்றது.

"கை நடுக்கத்தைக் கருவி தானே சரி பண்ணிடும் சார், பெரியவங்களுக்காகச் செஞ்சது" என்றார் சுலபத் துறைத் தலைவி. அவர் முகத்தில் அன்று கண்ட ஒரே மகிழ்ச்சி அப்போதுதான்.

ஒரு அம்பு மட்டும் ஆடியது. செம்மண் நிற அம்பு. தம்பியின் பக்கத்து மேஜைக்காரப் பெண்ணுடையது. கூட்டுப்பணித் தலைவர் அதை வரவேற்றார். மாற்றுக் கருத்து இருப்பதுதான் கூட்டுப்பணியின் அழகு என்றார். மாற்றுக் கருத்துகளுக்கென்று பலகையில் ஒரு கூடை இருக்கிறது; அதில் அதைப் போட்டார்கள். மிச்சம் ஒருமனது. காகிதத் துண்டுகள் கொட்டின.

லிஃப்ட் வரைக்கும் அந்தப் பெண் கூட வந்தாள். என்னை அங்கிள் என்று அழைத்தாள். பொறுத்துக்கொண்டேன்.

"அன்னைக்கு நான் கேட்டேன் அங்கிள். அவர் அம்பு ரொம்ப நேரமா நகரலையே, ஒரு போன் போட்டுப் பார்க்கட்டுமான்னு. தூங்கியிருப்பார்னு ஒருத்தர் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க." லிஃப்ட் வந்து திறந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. "நானும் சிரிச்சேன்."

"உன்மேல தப்பில்லைம்மா" என்றேன். நான் உள்ளே ஏறிக்கொண்டேன். லிஃப்ட் மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி என் கையைப் பார்த்தாள். கண்ணாடிக் கை இருந்தது.

"எடுத்துட்டாங்களா மாமா?"

"ஒண்ணு சேர்த்திருக்காங்க" என்றேன்.

மறு வாரம் ஒரு காலையில் அந்தப் பெண்ணே போன் செய்தாள். இரண்டு வாக்கியங்களையும் கருவியின் முகப்பில் நிரந்தரமாகப் பதிக்க அன்று முடிவு எடுக்கிறார்களாம்; இனிமேல் எந்த நாட்டில் யார் கருவியைத் திறந்தாலும் முதலில் அதுதான் தெரியும். பிறகு, "அவர் சிஸ்டம் இன்னும் ஆன்லதானே இருக்கு அங்கிள்?" என்றாள்.

போனை வைத்துவிட்டு விஷயத்தைத் தம்பி மனைவியிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றவள் தோள் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். அந்த அறையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். நான் வாசலோடு நின்றேன்.

அறையில் தூசி வாடை. திரை எரிந்துகொண்டிருந்தது. பலகையில் எல்லா அம்புகளும் கூடியிருந்தன. கதவு இருந்த மூலையில் நீல அம்பு, வாலில் அவன் பெயர். யாருக்காவது மறுப்பு உண்டா என்ற கேள்வி திரையில் வந்தது. அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே மவுஸ்மேல் கை வைத்தாள்.

"அன்னைக்குக் காலையிலயே சொல்லிட்டார் மாமா" என்றாள் திரும்பாமல்.

ஆட்டினாள். இடதும் வலதும், இடதும் வலதும். அவன் அம்பு பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. மற்ற அம்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே உறைந்துவிட்டன. அத்தனை பேர் இருந்தும் அந்தப் பலகையில் ஒருவரும் எதையும் தொடாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். செம்மண் நிற அம்பு மட்டும் மெல்ல வந்து நீல அம்பின் பக்கத்தில் நின்று, அதுவும் ஆடத் தொடங்கியது. தம்பி மனைவிக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை.

அப்போது திரையின் நடுவில் ஒரு செய்தி வந்தது. 'இந்தக் கணக்குக்கு உரியவர் காலமாகிவிட்டதால் அவருடைய மறுப்பைப் பதிவு செய்ய இயலவில்லை. அவர் ஏற்கெனவே அளித்த சம்மதங்கள் செல்லும். உங்கள் புரிதலுக்கு நன்றி.'

நீல அம்பு சாம்பல் நிறமாகி மறைந்தது. கூடையில் ஒரு மாற்றுக் கருத்து கூடியது. பிறகு காகிதத் துண்டுகள் கொட்டத் தொடங்கின. அவள் அதைப் பார்க்காமல் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தாள். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. கிளப்பிவிட்டவன் என் மச்சான் என்று நினைக்கிறேன். நான் நேரில் போய் ஒரு பிடி பிடித்ததில் கம்பெனி ஆடிப்போய்விட்டதாம். என் தம்பி பெயரிலேயே கதவை மறுபடி வைத்துவிட்டார்களாம். ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேர் வந்து என் கையைக் குலுக்கினார்கள்.

கதவை வைக்கவில்லை. அது இருந்த மூலையில் ஒரு கதவின் படத்தை வைத்திருக்கிறார்கள். கீழே அவன் பெயர். அதைத் தொட்டால், நீங்கள் தனியாக இருக்க விரும்புகிறீர்கள் என்று பலகையில் உள்ள எல்லோருக்கும் செய்தி போகும். அவர்கள் உடனே உங்களிடம் வந்துவிடுவார்கள். என் தம்பி இதற்கும் சம்மதிக்கவில்லை.